இந்த மெயில் நிஜமா? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளாவில் பாலக்காட்டு ஜில்லா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், வரி கட்டுவது எல்லாம் நடக்கும். வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் போனை நீட்டி, "அண்ணா, இந்த மெயில் நிஜமானு கொஞ்சம் பாருங்க" என்று கேட்காத வாரம் கிடையாது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், மெயிலில் இங்கிலீஷ். ரேஷன் கார்டு கேரளாவில், பேங்க் கணக்கு பொள்ளாச்சியில், பையனுக்கு வேலை கோயமுத்தூரில். எந்தக் கடிதம் எந்த அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்பதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். ஏமாற்றுகிறவன் நுழைவது அந்தக் குழப்பத்தின் வழியாகத்தான்.

நான் மெயிலே பார்ப்பதில்லை. எனக்கு எதற்கு இதெல்லாம்?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் உங்களுக்கும் மெயில் இருக்கிறது. ப்ளே ஸ்டோரிலிருந்து ஒரு ஆப் இறக்கவே கூகுள் கணக்கு வேண்டும். போன் வாங்கிய அன்றே கடைப் பையன் உங்கள் பேரில் ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்கள் பேரும் அதோடு ஒரு 123-ம்தான். அந்தப் பெட்டியை நீங்கள் ஒரு நாளும் திறக்காமல் இருக்கலாம். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல், பேத்தியின் ஃபோட்டோ, காண்டாக்ட் நம்பர்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கின்றன. வேறு எந்த இணையதளத்தின் பாஸ்வேர்டை மறந்தாலும் புதிதாகப் போட லிங்க் வருவதும் அங்கேதான். பீரோ சாவியைப் போட்டு வைத்திருக்கும் டப்பா மாதிரி அது.

என் கடையிலும் முன்பு விண்ணப்பத்துக்காக மெயில் ஐடி போட்டுக் கொடுத்து, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் குறித்து வைப்போம். அடுத்த தடவை வரும்போது மறந்திருப்பார்களே என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அது தப்பு என்று புரிந்ததும் நிறுத்திவிட்டேன், நோட்டையும் கிழித்துவிட்டேன். உங்கள் பாஸ்வேர்டை யார் போட்டுக் கொடுத்திருந்தாலும் இன்றைக்கே மாற்றுங்கள். நீளமாக இருக்கட்டும். சம்பந்தமில்லாத நாலு தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும், உங்களுக்கு மறக்காது, மற்றவர்களுக்குத் தோன்றாது.

ஒரு மெயில் வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அனுப்பியவர் பேரை நம்ப வேண்டாம். மேலே பெரிதாகத் தெரிகிற பேரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். "ஸ்டேட் பேங்க்" என்றோ "கேரளா போலீஸ்" என்றோ நீங்களே உங்கள் ஜிமெயிலுக்குப் பேர் வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பார்க்க வேண்டியது அந்தப் பேருக்குப் பின்னால் இருக்கும் முகவரியை. ஜிமெயில் ஆப்பில் பேருக்குக் கீழே சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் முழு முகவரி விரியும்.

அந்த முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள். தபால் முகவரியில் ஆள் பேர், வீட்டுப் பேர், தெருப் பேர் எல்லாம் முதலில் வந்தாலும் கடிதம் எந்த ஊருக்குப் போகிறது என்பதைக் கடைசி வரிதானே சொல்கிறது? இணைய முகவரியும் அப்படித்தான். "இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்" என்று முடிந்தால் அது வருமான வரித் துறையின் முகவரி. "இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ரீஃபண்ட்ஹெல்ப் டாட் காம்" என்று இருந்தால் அது ரீஃபண்ட்ஹெல்ப் என்ற பேரில் யாரோ வாங்கி வைத்திருக்கும் இடம். முன்னால் ஒட்டியிருக்கும் அரசாங்கப் பேர் வெறும் அலங்காரம். "கவ் டாட் இன்" என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது.

வங்கிகளுக்கும் இப்போது ஒரு நல்ல அடையாளம் வந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணையதளத்தை "பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு பதிவு செய்யப்பட்ட வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதனால் பேங்க் பேரைச் சொல்லி வரும் லிங்க் "டாட் காம்", "டாட் டாப்", "டாட் எக்ஸ்ஒய்இசட்" என்று எதில் முடிந்தாலும் அதைத் தொடாமல், பேங்க் ஆப்பை நீங்களே தனியாகத் திறந்து பாருங்கள். லிங்க் எங்கே போகிறது என்று பார்க்க அதை அழுத்திப் பிடித்தால் போதும், திறக்காமலே முகவரி தெரியும்.

இங்கிலீஷில் பிழை இருந்தால் போலி மெயில் என்கிறார்களே?

இந்த அறிவுரை நமக்குப் பயன்படாது என்பது என் அபிப்பிராயம். இங்கிலீஷை மூன்றாவது மொழியாகப் படிக்கிறவரிடம் "இலக்கணப் பிழை இருக்கிறதா பாருங்கள்" என்றால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அரசாங்கத்திலிருந்து நிஜமாக வரும் கடிதத்திலேயே பிழை இருக்கிறது. அதோடு, இப்போது ஏமாற்றுகிறவர்கள் ஏஐ கருவிகளை வைத்துப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். அந்தக் கருவிகள் தமிழிலும் மலையாளத்திலும் கூட எழுதித் தருகின்றன. முன்பெல்லாம் "அன்பான நன்மையாளர்" என்று தொடங்கும் மெயிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டு அழித்துவிடலாம். இப்போது அப்படி இல்லை.

மொழியை விட்டுவிட்டு, மெயில் உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி, முன்பணம், இதில் ஏதாவது ஒன்றைக் கேட்டு, அதையும் "24 மணி நேரத்துக்குள்" என்று அவசரப்படுத்தினால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்றிதழ் வாங்க நாம் எத்தனை தடவை நடக்கிறோம்! ஆபீஸ் நம்மை அவசரப்படுத்துவது அபூர்வம்.

தெரிந்த ஆளிடமிருந்து, பழைய மெயிலுக்குப் பதிலாகவே வந்தது. அதையும் சந்தேகப்பட வேண்டுமா?

பணம் அனுப்பச் சொன்னால், ஆமாம். இதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதலமடையில் மாங்காய் சீசன் நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். தை மாசமே லோடு ஏறும். அங்கே ஒரு வியாபாரி, டெல்லிக்கும் மும்பைக்கும் அனுப்புகிறவர், ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். வழக்கமாக அட்டைப் பெட்டி வாங்கும் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை ஒன்றே முக்கால் லட்சம் அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து போன்: "அண்ணா, பணம் இன்னும் வரலீங்களே."

அவருடைய மெயிலை இரண்டு பேரும் சேர்ந்து திறந்து பார்த்தோம். அதே பேச்சுத் தொடர். கீழே பழைய பில், அதே லோகோ, அதே ஜிஎஸ்டி எண். கடைசி மெயிலில் மட்டும் இரண்டு வரி கூடுதல்: எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தடவை மட்டும் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும். நானும் முகவரியை மூன்று தடவை படித்தேன், ஒன்றும் தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கம்பெனி பேரில் "எம்" வர வேண்டிய இடத்தில் "ஆர்", "என்" என்று இரண்டு எழுத்தை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். சின்ன எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் கண்ணுக்குப் படும்.

சரி, பழைய பேச்சுத் தொடர் அவர்கள் கைக்கு எப்படிப் போனது? அதற்கும் விடை அவர் மெயிலிலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து "ஃபார்வர்டிங்" என்ற பக்கத்துக்குப் போனோம். வருகிற மெயில் எல்லாம் ஒரு தெரியாத முகவரிக்கும் ஒரு பிரதி போகும்படி யாரோ வைத்திருந்தார்கள். போன் ஆப்பில் அந்தப் பக்கம் தெரியாது, அதனால் அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. நன்றாக யோசித்துச் சொன்னார்: மூன்று வாரத்துக்கு முன்பு "உங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, உள்ளே போய் உறுதி செய்யவும்" என்று ஒன்று வந்தது, பாஸ்வேர்டு போட்டேன், ஒன்றும் ஆகவில்லை, விட்டுவிட்டேன் என்று. அன்றைக்கே கதவு திறந்துவிட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து படித்து, பெரிய பில் ஒன்று வரும் வரை காத்திருந்திருக்கிறார்கள்.

கணக்கு எண் மாறியது என்று யார் எழுதினாலும், உங்கள் போனில் பழைய நாளிலிருந்து இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகு அனுப்புங்கள். அந்த மெயிலில் போட்டிருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டால் எடுப்பதும் அவன்தான். ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பாருங்கள். முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறும் கிளை. கோயமுத்தூர்க் கம்பெனிக்கு வடக்கே எங்கோ ஒரு கிளை என்றால் கேள்வி கேளுங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்ற வங்கி முறைகளில் பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பேரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அது இருந்திருந்தால், அதையும் அவர் பார்த்திருந்தால், கம்பெனி பேருக்குப் பதில் ஏதோ ஒரு தனி ஆளின் பேர் வந்திருக்கும், அங்கேயே நின்றிருப்பார்.

அவருக்குப் பாதிகூடத் திரும்ப வரவில்லை. சனிக்கிழமையே ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது, கேட்டால் அவமானம் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டார். அந்த இரண்டு நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தெரியாமல் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வேறு ஒரு போன் அல்லது கம்ப்யூட்டரிலிருந்து உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுள் கணக்கின் "செக்யூரிட்டி" பக்கத்தில் "உங்கள் சாதனங்கள்" என்று இருக்கும், தெரியாத போன், தெரியாத ஊர் எது இருந்தாலும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள், திருடன் அதையும் மாற்றி வைப்பான். பிறகு கம்ப்யூட்டரில் மேலே சொன்ன ஃபார்வர்டிங் பக்கத்தையும் "ஃபில்டர்" பக்கத்தையும் பார்த்து, நீங்கள் வைக்காத எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசியாக இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள், பாஸ்வேர்டு போனாலும் உங்கள் போன் இல்லாமல் நுழைவது கடினம்.

அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

லிங்கைத் தொட்டேன், ஆனால் ஒன்றும் நிரப்பவில்லை. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்தை மூடிவிடுங்கள். ஏதாவது ஃபைல் இறங்கியிருந்தால் திறக்காமல் அழியுங்கள்.

இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட் வந்திருக்கிறது, கணக்கை உறுதி செய்யவும் என்று மெயில்.

ஜூலை, ஆகஸ்டில் இது நிறைய வரும், ரிட்டர்ன் போடும் காலம் என்பதால் நம்பத் தோன்றும். ரீஃபண்ட் என்பது நீங்கள் இன்கம்டாக்ஸ் தளத்தில் முன்பே சரிபார்த்து வைத்த கணக்குக்குத் தானாக வரும். அதற்காகக் கார்டு எண்ணோ பின்னோ பாஸ்வேர்டோ துறை மெயிலில் கேட்காது. நோட்டீஸ் என்று வந்தால் அதில் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும், 2019 அக்டோபரிலிருந்து இது நடைமுறை. அந்த எண்ணை இன்கம்டாக்ஸ் தளத்திலேயே போட்டு நிஜமா என்று பார்க்கலாம், லாகின்கூட வேண்டாம். என்னிடம் வந்தாலும் அதைத்தான் முதலில் செய்வேன்.

கேரளா லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது என்று மெயில் வந்தது. நான் டிக்கெட் வாங்கினதாக ஞாபகம் இல்லை.

வாங்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழாது. இது எல்லைப் பக்கத்தில் மட்டும் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு. காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளாவில் 1967-லிருந்து அரசே நடத்துகிறது. அதனால் வாளையார், கோபாலபுரம் என்று எல்லை தாண்டியதும் வரிசையாக லாட்டரிக் கடை, பொள்ளாச்சி, கோயமுத்தூர்க்காரர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். 2023-இல் ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது, வாங்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாலு நண்பர்கள். இந்தச் செய்தி நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது நிஜம் என்பதால்தான் பொய்யும் நம்பும்படி இருக்கிறது.

ஒரு பெரியவர் மெயிலைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி வந்தார். கேரள அரசின் சின்னம், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. "தம்பி, வரி பத்தாயிரம் முதல்ல கட்டினா இருபத்தஞ்சு லட்சம் வந்துருமாம்" என்றார். அவர் மகனின் மெயிலுக்கு வந்தது, மகனும் பாதி நம்பியிருந்தான். அவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, கேரளா லாட்டரி காகித டிக்கெட் மட்டும்தான், ஆன்லைனில் விற்பதே கிடையாது. இரண்டு, பரிசு வாங்க வேண்டுமானால் அசல் டிக்கெட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு, குலுக்கல் முடிந்து குறித்த நாளுக்குள் நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். மூன்று, பத்தாயிரத்துக்கு மேல் போகும் பரிசுக்கு 30 சதவீத வரி உண்டு, ஆனால் அதைப் பரிசிலேயே பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள், முன்னால் கட்டச் சொல்வதே இல்லை. பிரிண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பேரன் படிப்புச் செலவுக்கு என்று அதற்குள் கணக்குப் போட்டிருந்தார், பாவம்.

வெளிநாட்டு லாட்டரி என்று வந்தால் இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: அதில் சேரப் பணம் அனுப்புவதே நம் நாட்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி கூடாது. ரிசர்வ் வங்கி பேரில் மெயில் வந்திருக்கிறது என்பார்கள். ரிசர்வ் வங்கி தனி ஆட்களுக்குக் கணக்கு வைத்துப் பணம் கொடுப்பதில்லை.

துபாயில் வேலை, ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்துவிட்டது. விசா செலவுக்குப் பணம் கேட்கிறார்கள்.

பாலக்காட்டு ஜில்லாவில் கல்ஃப் போகாத குடும்பம் எத்தனை இருக்கும்? பையனுக்கு வேலை என்றதும் நகையை அடகு வைக்கவும் தயாராகிவிடுகிறோம். பணம் கட்டும் முன் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசுத் தளத்தில் அந்த ஏஜென்சியின் பேரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டாலோ, தனி ஆளின் கணக்குக்கு யூபிஐ அனுப்பச் சொன்னாலோ, பெரிய கம்பெனி பேரைச் சொல்லிக்கொண்டு சாதாரண ஜிமெயிலிலிருந்து எழுதினாலோ வேண்டாம். கேரளாவில் வீடு இருந்தால், வெளிநாடு போகிறவர்களுக்காகக் கேரள அரசு வைத்திருக்கும் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்திலும் கேட்கலாம்.

நேர்காணலே இல்லாமல் வேலை கொடுத்தார்கள் என்றால் எனக்கு அதற்கு மேல் படிக்கவே தோன்றாது.

சிபிஐயிலிருந்து பிடிஎஃப் வந்திருக்கிறது. என் பேரில் வழக்காம், பதில் போடாவிட்டால் கைது என்கிறார்கள்.

சிங்க முத்திரை, சிவப்பு சீல், பெரிய அதிகாரியின் பேர் எல்லாம் போட்டு, ஆபாசப் படம் பார்த்ததாகக் குற்றம் சாட்டி வரும் கடிதம் இது. பதில் போட்டால் அடுத்து வீடியோ காலில் "டிஜிட்டல் கைது" என்பார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். போலீஸ் சம்மன் அனுப்பினாலும் வீடியோ காலில் உட்கார வைத்து, பணத்தை "சரிபார்ப்புக்காக" வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார்கள். பயமாக இருந்தால் பிடிஎஃப்பை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனுக்கே போய்க் காட்டுங்கள்.

என் பழைய பாஸ்வேர்டை எழுதி, என்னை கேமராவில் படம் பிடித்திருப்பதாக மிரட்டுகிறான்.

இதைக் கேட்கிறவர்கள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவார்கள், பெரும்பாலும் காலேஜ் பையன்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பாஸ்வேர்டு உண்மையில் உங்களுடையதுதான், அதனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் அது உங்கள் போனிலிருந்து எடுத்தது இல்லை. நீங்கள் என்றைக்கோ கணக்குத் தொடங்கிய ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து லட்சக்கணக்கானவர்களின் மெயிலும் பாஸ்வேர்டும் மொத்தமாகத் திருடப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கும். அந்தப் பட்டியலை வாங்கி, பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். கடிதத்தில் உங்கள் பேர், உங்கள் அறை, உங்கள் போன் மாடல் எதுவும் பெரும்பாலும் இருக்காது. படம் இருந்தால் ஒரு துண்டாவது காட்டியிருப்பான். பிட்காயினில் பணம் கேட்பான். பதில் போடாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது புழக்கத்தில் இருந்தால் மாற்றுங்கள்.

வீடியோ காலில் ஒருவரோடு நிஜமாகவே பேசி, அதைப் பதிவு செய்து மிரட்டுவது வேறு. அது உண்மையான குற்றம், உண்மையான ஆபத்து. அப்போதும் பணம் கொடுத்தால் நிற்காது, அடுத்த நாள் மறுபடி கேட்பான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு உடனே புகார் கொடுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் அண்ணனிடமோ மாமாவிடமோ வாத்தியாரிடமோ சொல்லுங்கள். என்னிடம் வந்தாலும் சரி, நான் யாரிடமும் பேச மாட்டேன். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பையன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் திட்டாமல் கேளுங்கள்.

வண்டி அபராதம் என்று வருகிறது. கேரளாவில் கேமரா இருக்கிறதே, நிஜமாக இருக்குமோ?

இருக்கலாம். 2023 ஜூனிலிருந்து கேரளா ரோட்டில் ஏஐ கேமரா அபராதம் போடுகிறது, தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்கும் வரும். அதனால் தள்ளிவிடவும் முடியாது. வந்த லிங்கைத் தொடாமல், பரிவாகன் என்ற மத்திய அரசுத் தளத்தின் இ-சலான் (அபராதச் சீட்டு) பக்கத்தை நீங்களே திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அபராதம் இருந்தால் அங்கே தெரியும். ஏபிகே என்று முடியும் ஆப் ஃபைல் அனுப்பி "இதை இன்ஸ்டால் செய்து பாருங்கள்" என்றால் அது ஓடிபி திருடும் ஆப், தொடவே தொடாதீர்கள்.

பணம் போய்விட்டது. வீடு கேரளா, பேங்க் தமிழ்நாடு. யாரிடம் போவது?

முதலில் 1930. இந்தியா முழுக்க ஒரே எண், எந்த மாநில சிம்மிலிருந்தும் கூப்பிடலாம். நீங்கள் சொல்லும் விவரத்தை அவர்கள் கணினியில் ஏற்றியதும், பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து வேறு கணக்குக்குத் தாவியிருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்குத் தாவும். திருடன் ஓடுகிற வேகத்தில் தகவலும் ஓட வேண்டும், அதனால்தான் முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் அவ்வளவு முக்கியம். கூடவே உங்கள் பேங்குக்கும் போன் செய்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் "சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்" தளத்தில் புகாரை முழுமையாகப் பதியுங்கள்.

ஸ்டேஷனில் "இது எங்க எல்லை இல்லை, பொள்ளாச்சிக்குப் போங்க" என்று சொன்னால், அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றியதற்கு ஐடி சட்டத்தில் 66டி பிரிவு இருக்கிறது, மூன்று வருஷம் வரை தண்டனை.

மலையாளத்தில் எழுதத் தெரியாது என்று தயங்குகிறவர்கள் நிறைய. கேரளாவின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்களும் கன்னடக்காரர்களும் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத இடம் கொடுக்கிறது. தமிழிலேயே எழுதிக் கொண்டுபோங்கள்.

பேங்க் பணத்தைத் திருப்பித் தருமா?

யார் தப்பு என்பதைப் பொறுத்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியும் நீங்களும் இல்லாத மூன்றாவது இடத்துத் தவறால் பணம் போய், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பில்லை. ஓடிபியோ பாஸ்வேர்டோ நீங்களே கொடுத்திருந்தால், பேங்கில் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போனால் அது பேங்கின் பொறுப்பு. அதனால் தப்பு உங்கள் மேலேயே இருந்தாலும் உடனே சொல்வதில் லாபம்தான். சொன்ன நேரத்துக்கு ஒரு அத்தாட்சி, புகார் எண்ணோ மெயிலோ, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுக்க என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

பணம் போன நாள், நேரம், தொகை, யூடிஆர் என்ற பரிவர்த்தனை எண், போய்ச் சேர்ந்த கணக்கு எண் அல்லது யூபிஐ ஐடி, உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல். மெயிலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" என்பதை அழுத்தினால், மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரம் முழுக்கத் தெரியும். அதை இறக்கி பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். செய்யத் தெரியாவிட்டால் போனோடு வாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. அதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஆனால் வருவதற்கு முன்னால், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே 1930-க்குக் கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.